நான் ஓட்டிய டிரான்ஸ்போர்ட்

ராணுவத்தில் பதினேழு வருஷம் டிரைவராக இருந்தேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. லாரி, ஜீப், வேன், ஆட்டோ எதுவும் தெரியாது. மொபெட் மட்டும் ஓட்டுவேன், அதுவும் பாரிவாக்கத்திலிருந்து பூந்தமல்லி வரைக்கும்தான். அதற்கு அப்பால் பஸ். இந்த இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படிப் பொருந்தும் என்பது என் மனைவிக்குத் தெரியவர முப்பது வருஷம் ஆனது. அதையும் நானாகச் சொல்லவில்லை.

பத்தொன்பது வயதில் ஆவடியில் நடந்த ஆள் எடுப்புக்குப் போனேன். தேசபக்தி கொஞ்சம், மாடு மீதி. எங்களுக்கு அப்போது பாரிவாக்கத்தில் இரண்டு ஏக்கர் நிலமும் ஒரு ஜோடி மாடும் இருந்தன. அந்த மாடுகளுக்கும் எனக்கும் ஆகாது. நான் கிட்டே போனாலே ஒன்று முட்ட வரும், இன்னொன்று வாலால் முகத்தில் அடிக்கும். விடிந்தால் சாணி, பொழுது சாய்ந்தால் வைக்கோல். இதிலிருந்து தப்பித்து எங்கேயாவது தூரமாகப் போய்விட வேண்டும் என்று இருந்தேன். காஷ்மீர் என்றாலும் சரி.

ஓட்டத்தில் தேறினேன். மார்பளவு அரை அங்குலம் குறைந்தது. மூச்சை இழுத்துப் பிடித்துக் கண் பிதுங்க நின்றதில் அதுவும் சரியாகிவிட்டது. கடைசியாக ஒரு மேஜைக்குப் பின்னால் மீசை வைத்த அதிகாரி உட்கார்ந்திருந்தார். இந்தியில் மூன்று கேள்வி கேட்டார். எனக்கு இந்தியில் தெரிந்தது "ஆமாம் ஐயா" என்கிற ஒரே ஒரு வாக்கியம். முதல் கேள்விக்கு "ஜி ஹான் சாப்" என்றேன். இரண்டாவதுக்கும் "ஜி ஹான் சாப்". மூன்றாவது கேள்வியைக் கொஞ்சம் சந்தேகமாகக் கேட்டார். அவருக்குச் சந்தேகம் இருக்கக் கூடாதென்று சத்தமாக "ஜி ஹான் சாப்!" என்றேன். அவர் சந்தோஷப்பட்டு எதையோ எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டார்.

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற வேலூர்க்காரன் ஒருவனுக்கு இந்தி தெரியும். பயிற்சி முகாமில் சந்தித்தபோதுதான் அவன் விளக்கினான். முதல் கேள்வி: விவசாயக் குடும்பமா? இரண்டாவது: வீட்டில் கால்நடை உண்டா? மூன்றாவது: உனக்கு மிருகங்களோடு இருப்பதென்றால் அவ்வளவு பிரியமா?

வந்த கடிதத்தில் "டிரைவர்" என்று போட்டு, பக்கத்தில் இரண்டு இங்கிலீஷ் எழுத்து இருந்தது. அந்த இரண்டு எழுத்தை யாரும் கவனிக்கவில்லை. அப்பா தெரு முழுக்கச் சொன்னார், "மிலிட்டரில டிரைவர்." ஆவடி டாங்க் தொழிற்சாலையில் வேலை பார்த்த சித்தப்பா, குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிளில் வந்து என்னைக் கட்டிப் பிடித்தார். "நாங்க செய்யற டாங்க்க நீ ஓட்டப் போறடா" என்றார். ஒரு வாரத்தில் சேதி கரையான்சாவடி வரைக்கும் போனது. அங்கே போய்ச் சேரும்போது நான் டாங்க் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டு எழுத்தின் அர்த்தம் 'அனிமல் டிரான்ஸ்போர்ட்'. முகாமில் முதல் நாள் எங்களைப் பெரிய கொட்டகை முன்னால் நிறுத்தினார்கள். "வண்டி எங்கே?" என்று வேலூர்க்காரனிடம் கேட்டேன். ஹவில்தார் உள்ளே கையைக் காட்டினார். நாற்பது கோவேறு கழுதைகள் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தன. பாரிவாக்கத்தின் இரண்டு மாடுகளை விட்டுவிட்டு ஓடி வந்தவனுக்கு அந்த நிமிஷத்தில் அழுகைதான் வந்தது.

ஊருக்கு உடனே எழுதியிருக்கலாம். எழுத உட்கார்ந்தேன். ஆனால் சித்தப்பாவின் முகம் கண்முன் வந்தது. "டிரான்ஸ்போர்ட்டில் போட்டிருக்கிறார்கள், வேலை நன்றாக இருக்கிறது" என்று எழுதினேன். பொய் இல்லை. அதற்குப் பிறகு எழுதிய எந்தக் கடிதத்திலும் பொய் இல்லை. "மலைப்பாதையில் லோடு ஏற்றிப் போகிறேன்." "நேற்று வளைவில் வழுக்கிவிட்டது, நல்லவேளை கவிழவில்லை." "இன்று கிளம்ப மறுத்துவிட்டது, இரண்டு மணி நேரம் தாமதம்." அப்பா இதையெல்லாம் டீக்கடையில் படித்துக் காட்டுவாராம். பனியில் என்ஜின் அப்படித்தான் மக்கர் பண்ணும் என்று மெக்கானிக் ஒருவர் விளக்கம் சொல்வாராம்.

என்னை சிக்கிமில் ஒரு மேட்டுக் காவல் நிலைக்குப் போட்டார்கள். கீழே முகாம், மேலே காவல் நிலை. நடுவில் ஆறு மணி நேரப் பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றும் இல்லை. அரிசி, மண்ணெண்ணெய், பேட்டரி, கடிதம் எல்லாம் கழுதை முதுகில்தான் மேலே போக வேண்டும். ராணுவக் கழுதைக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். குளம்பில் சூட்டுக்கோலால் பொறித்திருப்பார்கள். எனக்கு வந்தது எழுபத்து நாலு. பெட்டை. என்னைவிட நாலு வருஷம் சீனியர்.

முதல் வாரம் எழுபத்து நாலு என்னை இரண்டு தடவை உதைத்தது. மூன்றாவது வாரம் நான் பாதையின் ஓரத்தில் நடப்பதைப் பார்த்து, தன் உடம்பால் என்னைப் பாறைப் பக்கம் தள்ளிவிட்டு, அது ஓரத்தில் நடந்தது. அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் சண்டையே வரவில்லை. அதனிடம் தமிழில்தான் பேசுவேன். வேறு யாரோடு பேசுவது? வேலூர்க்காரனை வேறு இடத்துக்குப் போட்டுவிட்டார்கள். கழுதைக்கு முதலில் தண்ணீர், பிறகு தீனி, அதற்குப் பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு, அது சட்டம். தண்ணீர் காட்டும்போது விசில் அடிக்க வேண்டும். விசில் நின்றால் குடிப்பதும் நிற்கும். நான் நம்ம ஊர்க் கல்யாண மேளத்தை விசிலில் அடிப்பேன். ஒரு தொட்டியைக் காலி செய்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று நிமிர்ந்து பார்க்கும்.

இப்படி இருக்கையில் ஊரில் பெண் பார்த்தார்கள். கரையான்சாவடிப் பெண். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்து எழுதியிருந்தார்கள். லீவு கேட்டேன். கிடைத்தது. கையெழுத்துப் போட்ட லீவுச் சீட்டை நாலாக மடித்துப் பின்பக்கப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, எழுபத்து நாலிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று கொட்டகைக்குப் போனேன். குனிந்து அதன் முன்னங்காலைத் தூக்கிக் குளம்பைத் தட்டிப் பார்த்தேன். பின்னால் ஏதோ இழுபட்ட மாதிரி இருந்தது. திரும்பினால் அது மென்றுகொண்டிருந்தது. வாயைப் பிளந்து விரலை விட்டுப் பார்த்தேன். அரசாங்க முத்திரை இருந்த மூலை மட்டும் கிடைத்தது.

ஹவில்தார் அந்த மூலையைக் கையில் வைத்துக்கொண்டு நிறைய நேரம் யோசித்தார். சீட்டு இல்லாமல் கீழே யாரும் விடமாட்டார்கள். "லீவுச் சீட்டு மிருகத்தால் உட்கொள்ளப்பட்டது" என்று அறிக்கை எழுதிக் கீழே அனுப்பினார். நாலு நாள் கழித்து, "எந்த மிருகம்?" என்று கேட்டு வந்தது. எழுபத்து நாலு என்று பதில் போனது. "மிருகத்தின் உடல்நலம் எப்படி?" என்று வந்தது. நலம் என்று பதில் போனது. என் உடல்நலத்தை யாரும் கேட்கவில்லை. புதுச் சீட்டு கைக்கு வரும்போது நிச்சயதார்த்த நாள் தாண்டிவிட்டது.

அப்பாவுக்குத் தந்தி கொடுத்தேன்: எல்லை நிலைமை காரணமாக வர இயலவில்லை.

அங்கே நிச்சயத்தை நிறுத்தவில்லை. நாற்காலியில் நான் யூனிபார்மில் இருக்கும் போட்டோவை வைத்து, பக்கத்து நாற்காலியில் பெண்ணை உட்கார வைத்திருக்கிறார்கள். பெண்ணின் பெரியம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. மாப்பிள்ளைக்கு மாலை போடச் சொன்னதும், எழுந்து போய் போட்டோவுக்கு மாலையைப் போட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் கன்னத்திலும் போட்டுக்கொண்டாராம். கூடம் அலறிவிட்டது. என் மாமியார் பாய்ந்து மாலையைப் பிடுங்கியிருக்கிறார். நாட்டுக்காக நிச்சயத்தையே விட்டவன் என்று அன்றைக்கு எனக்குக் கிடைத்த மரியாதை, பிறகு வாங்கிய எந்தப் பதக்கத்துக்கும் கிடைக்கவில்லை.

கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? ஒவ்வொரு லீவிலும் சொல்லிவிடலாம் என்று வருவேன். வந்ததும் யாராவது கையில் சாவியைக் கொடுப்பார்கள். என் மச்சான், மனைவியின் தம்பி, ஒரு வேன் வைத்திருந்தான். "மாமா, திருத்தணிக்குப் போலாம், நீ ஓட்டு" என்பான். லீவில் சிவிலியன் வண்டியைத் தொட்டால் கோர்ட் மார்ஷல் என்று சொல்லி வைத்தேன். அவன் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு சல்யூட் அடித்தான்.

ரிட்டயர் ஆகி வந்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தேன். இத்தனை வருஷம் வண்டி ஓட்டியவர் ஏன் டிரைவர் வேலைக்குப் போகவில்லை என்று கேட்டவர்களிடம், அலுத்துவிட்டது என்றேன். அதை எல்லோரும் நம்பினார்கள்.

போன வருஷம் மகன் எங்கள் இருவரையும் டூர் அனுப்பினான். முகப்பேரில் ஒரு டிராவல்ஸ்காரர். முப்பது தமிழர்கள், கூடவே சமையல்காரர், அவருடைய கிரைண்டர், ஒரு மூட்டை புழுங்கல் அரிசி. போகும் இடம் சிக்கிம் என்று மகன் சொன்னபோது, வேறு ஊரே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். "நீ வேலை செஞ்ச எடமாச்சே, எல்லாத்தையும் காட்டணும்" என்றாள் மனைவி. ஸ்வெட்டர் வாங்க பூந்தமல்லி முழுக்க அலைந்தாள். கடைக்காரர்களிடமெல்லாம், "எங்கூட்டுக்காரர் அங்க மில்ட்ரி வண்டி ஓட்டினவரு" என்று சொல்லித்தான் ஸ்வெட்டர் கேட்டாள்.

என் பழைய காவல் நிலை இப்போது 'வியூ பாயிண்ட்'. கீழிருந்து அங்கே வரைக்கும் தார் ரோடு. நாங்கள் ஆறு மணி நேரம் நடந்ததை வேன் அரை மணியில் ஏறிவிடும் என்றார்கள். பாதி தூரம் ஏறியிருப்போம். வேன் நின்றது. முன்னால் வரிசையாக ஏழெட்டு வண்டி. எல்லாவற்றுக்கும் முன்னால், ரோட்டுக்குக் குறுக்கே, நாலு காலையும் ஊன்றி ஒரு கோவேறு கழுதை நின்றுகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் காஸ் சிலிண்டர். அதன் சொந்தக்காரி, ஐம்பது வயதுப் பெண், கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குப் பின்னால் ஒரு ராணுவ லாரி வந்து நின்றது. அதிலிருந்து நாலு சிப்பாய்கள் இறங்கி வந்து பின்னாலிருந்து தள்ளினார்கள். ஒருவன் உதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். டிரைவர்களெல்லாம் ஹாரன் அடித்தார்கள்.

நான் பேசாமல்தான் உட்கார்ந்திருந்தேன். சத்தியமாக. ஆனால் அந்த மிருகத்தின் காதைப் பார்த்தேன். இடது காது பின்னால் மடிந்திருந்தது. சேணத்தின் இடது பக்கத்துப் பட்டை முறுக்கிக்கொண்டு தோலைக் கடிக்கிறது என்று அர்த்தம். என் கால் தானாக இறங்கிவிட்டது.

"இன்னாங்க, எங்க போறீங்க?" என்றாள் மனைவி. அவளும் இறங்கிப் பின்னாலேயே வந்தாள். அவளோடு பாதி வேன் இறங்கி வந்தது.

ஹாரனை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன். அந்தப் பெண்ணிடமிருந்து கயிற்றை வாங்கித் தளர்த்தினேன். முகத்துக்கு நேராகப் போகாமல், இடது தோள் பக்கமாக நின்று கழுத்தில் கை வைத்தேன். தோல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"இன்னாடா கண்ணு? எங்க வலிக்குது? இம்மா நேரமா யாரும் கேக்கலியா உன்ன? தோ, தோ, அவுத்துடறேன். என் ராஜாத்தியில்ல? என் தங்கமில்ல? அவ்ளோதான், அவ்ளோதான்..."

இப்படி என்னென்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. முறுக்கின பட்டையை அவிழ்த்து நேராக்கினேன். சிலிண்டர் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. தூக்கிச் சமமாகக் கட்டினேன். காது முன்னால் வந்தது. நான் மெதுவாக விசில் அடித்துக்கொண்டு நடந்தேன். அது என் பின்னாலேயே ஓரமாக நடந்து வந்துவிட்டது. ரோடு திறந்தது.

லாரியிலிருந்த ஹவில்தார் ஓடி வந்தார். எந்த யூனிட், எத்தனை வருஷம் என்று இந்தியில் கேட்டார். சொன்னேன். அவர் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். குருவே என்கிற மாதிரி "உஸ்தாத்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று பேசினார். எங்கள் குழுவில் முகப்பேரைச் சேர்ந்த ரிட்டயர்டு பேங்க் ஆபீசர் ஒருவர் இருந்தார். அவருக்கு இந்தி நன்றாக வரும், அது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதும் அவருக்கு உண்டு. உரத்த குரலில் மொழிபெயர்த்தார்.

"நம்ம சார் பதினேழு வருஷமா மிலிட்டரியில கழுதை ஓட்டினாராம்! அதுல பெரிய எக்ஸ்பர்ட்டாம்! இந்த மாதிரி ஆளுங்க இப்ப கெடைக்கறதில்லையாம்!"

குழுவே கை தட்டியது. என் மனைவி மட்டும் தட்டவில்லை.

வியூ பாயிண்டில் இறங்கிப் பார்த்தால் எனக்கு இடமே அடையாளம் தெரியவில்லை. காவல் நிலை இருந்த இடத்தில் நூடுல்ஸ் கடை. எங்கள் கொட்டகை இருந்த இடத்தில் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று கழிப்பறை. தண்ணீர்த் தொட்டி மட்டும் பாதி உடைந்து அப்படியே இருந்தது. அதன் விளிம்பில் உட்கார்ந்து நாலு பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எழுந்ததும் நான் போய் உட்கார்ந்தேன். எழுபத்து நாலை ரிட்டயர் செய்து கீழே கூட்டிப் போன நாளில் இங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எனக்கு லீவு கொடுத்தார்கள். நான் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தால் மனைவி நூடுல்ஸ் கடையில் இருந்தாள். இரண்டு தட்டு வாங்கியிருந்தாள். ஒன்று எனக்கு என்று நினைத்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டையும் அவளே சாப்பிட்டாள். முடித்துவிட்டு வாயைத் துடைத்தாள்.

"யோவ்" என்றாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் முதல் யோவ். "அப்ப டாங்கு?"

"டாங்க்குன்னு நான் சொல்லல. உங்கூட்லதான் சொன்னாங்க."

"லாரி?"

"லாரின்னும் சொல்லல. டிரான்ஸ்போர்ட்டுன்னுதான் சொன்னேன்."

"நிச்சயத்துக்கு வரல, எல்லை நிலைமன்னு தந்தி அடிச்சியே. அதாவது நெஜமா?"

அங்கே என்னால் சமாளிக்க முடியவில்லை. முழுவதையும் சொன்னேன். சீட்டு, பாக்கெட், முத்திரை இருந்த மூலை வரைக்கும்.

"எங்கம்மா மாலைய புடுங்கிகினு அழுதுச்சு. ஊர்ல கீறவன் எல்லாம் சிரிச்சான். நான் ஒரு போட்டோ பக்கத்துல ஒரு மணி நேரம் குந்தினு இருந்தேன். ஒரு கழுத பேப்பர் துன்னதுக்கா?"

"ஆமா."

"இன்னா நம்பர் சொன்ன?"

"எழுபத்து நாலு."

"நம்ம கல்யாண நாள் சொல்லு."

நான் தொட்டிப் பக்கம் பார்த்தேன்.

"அதானே" என்றாள். பிறகு குரல் இறங்கியது: "கழுத மேச்சேன்னு சொல்லியிருந்தா நான் இன்னா வேணான்னா சொல்லியிருப்பேன்? எங்கப்பா எரும வெச்சிருந்தவருதானே. அது இல்ல எனக்கு. கீழ அத்தப் புடிச்சிகினு இன்னா பேச்சு பேசின! கண்ணுன்ற, தங்கம்ன்ற, ராஜாத்தின்ற. ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்ன அந்த மாதிரி கூப்ட்டிருக்கியா நீ?"

யோசித்துப் பார்த்தேன். பிள்ளை பிறந்தபோது? அவளுக்கு ஆபரேஷன் ஆனபோது? "ஜாக்கிரதையா இரு" என்று சொன்னதாக ஞாபகம். பாதை ஓரத்தில் தனியாக இருந்த காலத்தில் பேசப் பழகிய பேச்சையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன் போல.

"கண்ணு" என்றேன்.

"தூ, சீ" என்றாள். "இங்க எல்லாரும் கீறாங்க." ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க செல்லை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். அங்கே ஒரே ஒரு இடத்தில்தான் சிக்னல். அந்தத் தொட்டி மேல் ஏறி நின்று கத்தினாள். "டேய், ஒங்க மாமா டிரைவரே இல்லடா!"

மச்சான் பதிலை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "அது எனக்கு அப்பவே தெரியும்க்கா. வேனு கதவ எந்தப் பக்கம் தொறக்கறதுன்னே தெரியாம நின்னாரு. ஓட்டத் தெரியாதுன்னு கரையான்சாவடிக்கே தெரியும். பாவம், ரகசிய வேல போலன்னு வுட்டுட்டோம். அப்ப இன்னாதான் வேல பாத்தாரு?"

அவள் என்னைப் பார்த்தாள். சிக்னல் போய்விட்டதா, அவள் கட் செய்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இறங்குவதற்குக் கை நீட்டினாள், பிடித்து இறக்கினேன்.

மழை பிடித்துக்கொண்டது. கீழே ஹோட்டலுக்கு வந்தபோது சமையல்காரர் வத்தக்குழம்பு வைத்திருந்தார். பரிமாறுகிறவரிடம் மனைவி, "அவருக்கு அப்பளம் ரெண்டு வையி, மில்ட்ரிக்காரரு" என்றாள். நான் பாதி சாப்பிடும்போது பேங்க் ஆபீசர் எதிரில் வந்து உட்கார்ந்தார். இரண்டு நாளாக வேனில் குலுங்கி இடுப்பு பிடித்துக்கொண்டதாம்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. கழுதைக்கெல்லாம் இடுப்பு புடிச்சா நீங்க ஏதோ அமுக்கி விடுவீங்களாமே. அந்த ஹவில்தார் சொன்னார். மனுஷனுக்கு அது ஆகுமா?"

"ஆகும் சார். ஆனா அசையாம நிக்கணும்."

சாப்பிட்டுக் கையைக் கழுவினேன். அவரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். முழங்கையை வைத்து ஒரு அழுத்து. அவர் போட்ட சத்தத்தில் சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். ஆனால் இடுப்பு விட்டுவிட்டது. அவர் நிமிர்ந்து, குனிந்து, மறுபடி நிமிர்ந்து பார்த்தார். அதைப் பார்த்ததும் இன்னும் மூன்று பேர் வரிசையில் வந்து நின்றார்கள். என் மனைவி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, யார் முதல், யார் அடுத்தது என்று ஒழுங்கு செய்ய ஆரம்பித்தாள்.